பிரித்துப் பார்த்த பின்பே தீர்மானம்

தம்பானூரில் குடியிருக்கிற உங்களுக்கு மழையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருந்து இப்பக்கங்களை வாசிக்கிறவர்களுக்காகச் சில வரிகள் எழுதுகிறேன். திருவனந்தபுரத்தின் மத்திய இரயில் நிலையம் 1931-ஆம் ஆண்டு தம்பானூரில் அமைந்தது. 1979-இல் நாகர்கோவில் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடி வருகிற நம் மக்கள் முதலில் கால் வைக்கிற இடம் இதுவே. இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. இந்நிலம் தாழ்வானது. ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கமாகச் செல்கிறது. அது குப்பையால் அடைபட்டால் மழைநீர் சாலையிலே நிற்கும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் அரசு பெரிய அளவில் கால்வாய்களைத் தூர்வாரியது. ஆயினும், 2024 ஜூலை மாதத்தில் அந்தச் சுரங்கத்தில் குப்பை அகற்ற இறங்கிய ஓர் ஏழைத் தொழிலாளி வெள்ளத்தில் சிக்கி, மூன்றாம் நாள் உயிரற்றவராகக் கண்டெடுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்தத் துயரத்தின் முன் நான் எழுதப்போகிற காரியம் மிகச் சிறியது. அது ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பற்றியது. ஆனாலும் நம்மில் அநேகருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்பது வேலை, வருமானம், பல நேரங்களில் ஊழியமும் கூட. ஆகையால் வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு இருபத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். இரண்டு ஆண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இளைஞர்கள் ‘டர்ட் பைக்’ என்று சொல்லுகிற வகையில் 200 சிசி வண்டி ஒன்றை வாங்கினான். பந்தயத் திடலில் மட்டும் ஓடுகிற அசல் டர்ட் பைக்குகளை நம் நாட்டில் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய இயலாது. இவனுடையது சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவானது. உயரமான இருக்கை, நீண்ட சஸ்பென்ஷன், பள்ளத்தில் வழுக்காத டயர். வாலிபனின் விளையாட்டுப் பொருள் என்றே நான் முதலில் எண்ணினேன். மாதம் ஒரு சனிக்கிழமை அவன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விதுராவைத் தாண்டிப் போனக்காட்டுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய பின்புதான் என் எண்ணம் மாறியது. நலிந்துபோன அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பழைய லயங்களில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் முதிர்ந்த தாயார் ஒருவருக்கு இரத்த அழுத்த மாத்திரைகளை நாங்கள் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்போம். குண்டும் குழியுமான அந்தக் காட்டுப்பாதையில் என் பழைய ஸ்கூட்டர் ஏறாது.

கடந்த ஐப்பசியில் மகன் அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் பெங்களூர் சென்றான். “அப்பா, அவசரத்துக்கு என் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான். இரண்டாம் நாள் மாலை, நாகர்கோவில் இரயிலில் வந்த ஒரு குடும்பத்தை அழைத்துவரப் புறப்பட்டேன். மழை கொட்டியது. தம்பானூரை அடைந்தபோது சாலையில் தண்ணீர் நின்றது. திரும்பிப் போய் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்திருக்கலாம். ‘இது காட்டு வண்டிதானே, தாண்டிவிடும்’ என்று எண்ணி இறங்கினேன். நடுவிலே எதிரில் வந்த பேருந்து ஒன்று எழுப்பிய அலை இருக்கை வரை அடித்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

அப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். வண்டியைத் தள்ளிக் கரையேற்றினேன். உடனே செல்ஃப் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’ என்றொரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஐந்தாறு முறை அழுத்தினேன். அங்கே நின்ற இரண்டு வாலிபர்கள் உதவிக்கு வந்தார்கள். இரண்டாம் கியரில் போட்டு, அவர்கள் தள்ள, கிளட்சை விட்டேன். பின்சக்கரம் ஒருமுறை பூட்டியது. மீண்டும் தள்ளச் சொன்னேன். எஞ்சின் உயிர்பெற்றது, ஆனால் ‘கட கட’வென்று ஒரு சத்தத்தோடு. அதே சத்தத்தோடு கரமனை வரை ஓட்டி வீட்டில் நிறுத்தினேன். மறுநாள் பார்த்தபோது ஆயில் கண்ணாடியில் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. தார்ப்பாயால் வண்டியை மூடினேன்.

மகன் ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் பேசினான். வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ‘தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும்’ என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. ஐம்பத்தைந்து வயதில், பிள்ளை சொல்லிவிட்டுப் போன ஒரே ஒரு சொல்லைக் கேளாதவனாக அவன் முன்னே நிற்க எனக்கு மனமில்லை.

பதின்மூன்றாம் நாள் அதிகாலையில் அவன் வந்தான். தார்ப்பாயைப் பார்த்து, “என்னப்பா ஆயிற்று?” என்றான். “மழையில் நின்றுவிட்டது” என்றேன். அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு சிறிய சரக்கு வண்டி பிடித்து, தம்பானூர்ச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனான். நானும் உடன் சென்றேன். அண்ணாச்சி குழித்துறைப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக இதே தொழில்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, காய்ந்துபோன சேற்றுக் கோட்டை விரலால் தடவினார். பின்பு, “தம்பி, தண்ணீர் போனதுக்கு அப்புறம் யாராவது செல்ஃப் அடிச்சாங்களா? தள்ளி ஸ்டார்ட் பண்ணினாங்களா?” என்று கேட்டார்.

மகன், “நான் ஊரிலே இல்லை அண்ணாச்சி. அப்பாதான் வைத்திருந்தார்கள்” என்றான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “பாஸ்டர், இதை எதுக்குக் கேக்கேன்னா, அப்படியே நின்ன வண்டின்னா எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். தண்ணியை வெளியேத்தி, ரெண்டு மூணு தடவை ஆயில் மாத்தினாப் போதும், ஓடிரும். அடிச்சு ஓட்டின வண்டின்னா பிரிச்சே ஆகணும். ராடு வளைஞ்சிருக்கலாம். சும்மா ஓடுற மாதிரி ஓடும். ஒருநாள் மலை இறக்கத்துல முறிஞ்சா எஞ்சின் பூட்டும், பின்சக்கரமும் பூட்டும். ஆளு தெறிச்சிருவான்.”

பிரியமானவர்களே, எத்தனையோ பிரசங்க மேடைகளில் நின்றிருக்கிறேன். அந்தக் கிரீஸ் படிந்த வாசலில் நின்ற அரை நிமிடத்தைப் போல ஒன்றை நான் அறிந்ததில்லை. ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். ஆயிலை மாற்றி அன்று மாலையே வண்டியை வாங்கிவிடலாம். ஆனால் அந்த இறக்கத்தில் அதை ஓட்டப்போகிறவன் என் மகன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செல்ஃப் அடித்தது, தள்ளியது, சத்தத்தோடு கரமனை வரை ஓட்டியது, பால் நிற எண்ணெயைக் கண்டது, பன்னிரண்டு நாள் மூடி வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மகன் என்னைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, “இந்த மாதம் போனக்காட்டுக்கு எப்படிப் போவீர்கள்?” என்று மட்டும் கேட்டான்.

இனி, என்ன செய்வது என்ற கேள்வி. உங்களில் யாருக்காவது இது பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்ச வேண்டிய சிலிண்டர் தண்ணீரை உறிஞ்சினால் என்ன நேர்கிறது? காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. மேலே ஏறுகிற பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கிறது. கீழிருந்து கிராங்க் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கனெக்டிங் ராடு வளைகிறது. இது முதல் சேதம். தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு வழவழப்பு இல்லாததால், அதோடு ஓட்டும்போது பிஸ்டனும் சிலிண்டரும் உராய்ந்து கீறுகின்றன. இது இரண்டாம் சேதம். ஈரத்தோடு நாட்கணக்கில் நின்றால் பேரிங்குகளில் துரு ஏறுகிறது. இது மூன்றாம் சேதம். முதல் இரண்டும் என் அவசரத்தால் வந்தவை. மூன்றாவது என் மௌனத்தால் வந்தது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கம்பெனி சர்வீஸ் நிலையம். கிராங்க், சிலிண்டர், பிஸ்டன், பேரிங்குகள், கேஸ்கெட்டுகள் யாவும் புதிதாக மாற்றி, உத்தரவாதத்தோடு தருவதாகச் சொல்லி 31,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். இரண்டாவது, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறை. கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்துப் புதிய ராடு கோத்து, சிலிண்டரை ரீபோர் செய்து தர 13,000 ரூபாய் கேட்டார்கள். மூன்றாவது, ஒருவர் சொல்லியனுப்பிய பழைய எஞ்சின். விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து எடுத்ததாம். 15,000 ரூபாய். “எஞ்சின் நம்பரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் நம்பரையே பஞ்ச் பண்ணித் தருகிறோம்” என்றார்கள்.

மூன்றாவதை முதலிலேயே விலக்கினோம். எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவானது. எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகத் தெரிவித்துப் பதிய வேண்டும். எண்ணை அழித்துப் பொறிப்பது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தாலோ, கேட்கவே வேண்டாம். ஒரு மறைப்பை அப்போதுதான் வாயால் அறிக்கையிட்டவன், இன்னொரு மறைப்பை இரும்பிலே பொறிக்கலாமா?

இன்சூரன்ஸையும் பார்த்தோம். தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்வதால் எஞ்சினுக்கு வரும் சேதத்தைச் சாதாரண பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை உண்டு. நாங்கள் அதை எடுத்திருக்கவில்லை. மழைக்கும் வெள்ளத்துக்கும் பேர்போன நகரத்தில் குடியிருக்கிறவர்கள் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

மற்ற இரண்டில் எது என்று நாங்கள் தடுமாறியபோது அண்ணாச்சி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். “எதுக்கு இப்பமே தீர்மானிக்கீங்க? முதல்ல பிரிப்போம். அளப்போம். என்ன போயிருக்குன்னு தெரிஞ்சபிறகு பேசுவோம். பிரிக்கிற கூலி மட்டும் தாங்க.” கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும் என்று எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! எதற்குக் கணக்குப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் நாங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிரித்தார். சிலிண்டர் ஹெட்டும் வால்வுகளும் நன்றாயிருந்தன. கியர்கள் நன்றாயிருந்தன. வெளிக்கூடாகிய கிராங்க் கேஸில் விரிசல் இல்லை. பிஸ்டனின் ஒரு பக்கத்தில் மட்டும் தேய்மானம் பளபளத்தது. ராடு வளைந்திருப்பதற்கு அதுவே சாட்சி. சிலிண்டரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல்கள். கிராங்க் பேரிங்கில் செம்புள்ளிகளாய்த் துரு. அதை என் உள்ளங்கையில் வைத்து, “பாஸ்டர், மூணாம் நாள் கொண்டுவந்திருந்தா இது தப்பிச்சிருக்கும்” என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் குத்தியது.

இப்பொழுது தீர்மானம் எளிதாயிற்று. கிராங்கைப் பிரித்துப் புதிய ராடு கோக்கிற வேலை செய்யக்கூடியதே. ஆனால் மீண்டும் இணைக்கும்போது இரு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகாமல் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து சரிசெய்யத் தெரிந்த கை வேண்டும். மலைப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு அந்தத் துணிவு வேண்டாம், கிராங்க் தொகுதியைப் புதிதாகவே வாங்குவோம் என்று முடிவு செய்தோம். சிலிண்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உட்சுவர் வார்ப்பிரும்பா, அல்லது நிக்கல் கலந்த பூச்சா? வார்ப்பிரும்பானால் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்குமானால் போடலாம். பூச்சானால் சாதாரண லேத்தில் கடைவது அந்தப் பூச்சையே அழித்துவிடும். எங்கள் மாடலுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கவில்லை. ஆகவே சிலிண்டரும் பிஸ்டனும் புதிய ஜோடியாக வாங்கினோம். ஹெட், கியர், கிளட்ச் பழையவையே. வால்வுகளைத் தேய்த்துப் படியவைத்தார்கள். உதிரிபாகங்கள் கம்பெனிக் கவுன்டரில் ரசீதோடு, வேலை அண்ணாச்சியின் கையில். மொத்தம் 21,500 ரூபாய். பாகங்களுக்கு மகன் கொடுத்தான். கூலியை நான் மூன்று தவணையில் கொடுத்தேன். முழுவதையும் தருகிறேன் என்றேன். அவன் சம்மதிக்கவில்லை.

வேலை நடந்த நாட்களில் அவன் எனக்குக் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். ஷொறணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024 ஜனவரியில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நடந்த டக்கார் பந்தயத்தில் ‘ரேலி 2’ பிரிவில் முதலிடம் பெற்றார். ஒட்டுமொத்த வரிசையில் பதினொன்றாம் இடம். அந்தப் பந்தயத்தில் ‘மாரத்தான்’ எனப்படும் கட்டங்கள் உண்டு. அந்த இரவுகளில் அணியின் மெக்கானிக்குகள் வண்டியைத் தொட முடியாது. அன்று பகலில் ஓட்டியவன் அதை எப்படி ஓட்டினானோ, அந்த வண்டியோடுதான் மறுநாள் புறப்பட வேண்டும். “எஞ்சினைப் பாதுகாத்து ஓட்டுவதும் ஜெயத்தில் ஒரு பங்கு அப்பா” என்றான். அது எனக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம் நான் தம்பானூரிலிருந்து பேருந்தில் சென்று, மீதி வழியை நடந்தேன். தாயாரிடம் மாத்திரையைக் கொடுத்தபோது, “தம்பி வரலியா?” என்று கேட்டார்கள். நடந்ததை அவர்களுக்கும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருந்தது. வீட்டில் என் மனைவி, “ரெண்டு வாரமா நீங்க தூங்காததுக்கு மழைச் சத்தம்தான் காரணம்னு நினைச்சேன்” என்றாள்.

அன்பானவர்களே, உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றுவிட்டால் செல்ஃபைத் தொடாதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, உருட்டியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பின்பே உயிர்கொடுக்க வேண்டும். அதையும் தாமதியாமல் அன்றோ மறுநாளோ செய்யுங்கள். எஞ்சின் வேலை என்றால் பிரித்து அளந்த பின் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்தபின் முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்காமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல், பாரம் ஏற்றாமல் பழக்குங்கள். பின்பு எண்ணெயை மாற்றுங்கள். மெக்கானிக் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வீட்டிலுள்ளவர்களிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. முதல் 500 கிலோமீட்டர் முடிந்து, சென்ற சனிக்கிழமை இருவரும் போனக்காட்டுக்குப் போய்வந்தோம். இறக்கத்தில் மகன் மெதுவாக ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி பழைய ராடைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அது இப்போது என் மேசையில், காகிதங்கள் பறக்காதபடி வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள், “இது நேராகத்தானே இருக்கிறது ஐயா?” என்கிறார்கள். வெறும் கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து அவர்களுக்குக் காட்டுகிறேன்.